நாய்ப் பயிற்சி: கிராம இளைஞர்களுக்கேற்ற ஒரு தொழில்

கிராம வாழ்க்கையில் நாயின் உதவி இன்று நேற்று ஏற்பட்டதன்று. களத்து மேட்டில் தானியத்தைக் காப்பதும், தோட்டத்தில் இரவுக் காவல் புரிவதும், ஆட்டுக் கிடையை நரியும் திருடரும் நெருங்காமல் பார்த்துக்கொள்வதும் நெடுங்காலமாக நாயின் வேலைகளாக இருந்து வருகின்றன. எனினும் நாயைப் பழக்குவது ஒரு தனித் தொழில் என்பதும், அதைக் கற்றுத் தேர்ந்தவர் அதைக்கொண்டே கௌரவமாகக் குடும்பம் நடத்தலாம் என்பதும் நம் கிராமங்களில் இன்னும் நன்கு உணரப்படவில்லை.

இன்று பெரிய நகரங்களில் மட்டுமன்றிச் சிறு பட்டணங்களிலும் வீட்டில் நாய் வளர்ப்போர் பலர் இருக்கின்றனர். வளர்க்க ஆசைப்படுவோர் பலர். பழக்கத் தெரிந்தவரோ சிலர். பழக்கப்படாத நாய் வீட்டாருக்குத் தொல்லை, அயலாருக்கு அச்சம், குழந்தைகளுக்கு அபாயம். மற்றொரு புறம், போலீஸ் இலாகாவும், ராணுவமும், எல்லைக் காவல் படைகளும், ரயில்வே பாதுகாப்புப் படையும், வன இலாகாவும் மோப்ப நாய்களையும் அவற்றைக் கையாளும் ஆட்களையும் பயன்படுத்தி வருகின்றன. ஆகவே முறையாகப் பயின்ற பயிற்றாளருக்கு இடம் உண்டு. இத்தொழிலை எவ்வாறு கற்பது, அதில் சேரும் வழிகள் யாவை, எவற்றில் எச்சரிக்கை வேண்டும் என்பவற்றை இங்கே விளக்க விரும்புகிறோம்.

நம்மிடம் உள்ள முதல்

எந்தத் தொழிலுக்கும் முதல் வேண்டும். இத்தொழிலுக்கு வேண்டிய முதல் பணமன்று. நாயின் குணத்தை அறிந்த பழக்கமே. அந்த முதல் நம் கிராமங்களில் ஏராளமாக உண்டு. இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய நாட்டு நாய் இனங்கள் தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில் வளர்ந்தவை. அவற்றைத் தலைமுறை தலைமுறையாகப் பேணிக் காத்தவர்கள் விவசாயிகளும் ஆடு மேய்ப்போருமே. நாயின் காது நிமிர்வதையும் வால் தாழ்வதையும் கண்டு அதன் எண்ணத்தை அறியும் கூர்மை கிடை காக்கும் குடும்பத்துப் பிள்ளைக்கு இயல்பாக வந்துவிடுகிறது. பட்டணத்து இளைஞர் இதைப் பெறுவதற்குப் பல மாதங்கள் பாடுபட வேண்டும்.

நாட்டு நாய்கள் பயிற்சிக்கு ஏற்றவையல்ல என்று சிலர் கூறுவதுண்டு. இது தவறான எண்ணம். கர்நாடகத்தின் முதோல் இன நாய்கள் மீரட்டிலுள்ள ராணுவ நாய்ப் பயிற்சி நிலையத்தில் 2016-ஆம் ஆண்டு முதல் பயிற்றப்பட்டன. எல்லைப் பாதுகாப்புப் படையைச் சேர்ந்த ‘ரியா’ என்னும் முதோல் நாய், 2024-ஆம் ஆண்டு லக்னோவில் நடைபெற்ற அகில இந்தியப் போலீஸ் பணிப் போட்டியில், அயல்நாட்டு இன நாய்களையெல்லாம் விஞ்சி முதன்மை பெற்றது. இனத்தைவிடப் பயிற்சியே முக்கியம் என்பதற்கு இது சான்று.

ஆயினும் ஒன்றைக் குறிப்பிடாதிருக்க இயலாது. இந்த நாட்டறிவு சிற்சில இடங்களில் முயல் வேட்டைக்குப் பயன்பட்டு வருகிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பாதுகாக்கப்பட்ட விலங்கைக் கொல்வது மட்டுமன்றி, நாயை ஏவித் துரத்துவதும் வேட்டையே ஆகும். அது தண்டனைக்குரிய குற்றம். ஒரு மாலை நேர விளையாட்டுக்காக வழக்கில் சிக்கிய இளைஞருக்கு, அவர் விரும்பும் போலீஸ் வேலையும் எட்டாமற் போகக்கூடும். அதே திறமையைச் சட்டத்துக்குட்பட்ட தொழிலாக மாற்றிக்கொள்வதே அறிவுடைமை.

பயிற்றாளரின் வேலை என்ன?

நாய்க்கு ‘உட்கார்’, ‘வா’, ‘இரு’ என்று சொல்லிக் கொடுப்பதே பயிற்றாளரின் வேலை என்று பலரும் நினைக்கின்றனர். அது வேலையில் ஒரு பாதியே. வீட்டு நாயைப் பொறுத்தவரை, பயிற்றாளர் நாயுடன் இருப்பது நாளைக்கு ஒரு மணி நேரம். வீட்டார் இருப்பதோ மற்றெல்லா நேரமும். நாய் தெருவில் போவோரைப் பார்த்துக் குரைக்கும்போது ஒரு நாள் கொஞ்சியும் மறுநாள் அடித்தும் வளர்க்கும் வீட்டில், எப்பேர்ப்பட்ட பயிற்சியும் நிலைக்காது. ஆகையால் நாயைப் பழக்கும் முறையை வீட்டாருக்குக் கற்பிப்பதே பயிற்றாளரின் மற்றொரு பாதி வேலை. உண்மையில் கடினமான பாதியும் அதுவே. பொறுமையாகப் பேசவும், பெரியவர்களிடமும் குழந்தைகளிடமும் தக்கபடி எடுத்துச் சொல்லவும் தெரியாதவர் இத்தொழிலில் நிலைத்தல் அரிது. தேக பலத்தைவிட நிதானமே இங்கு வேண்டப்படுவதால், பெண்களும் இத்தொழிலில் சிறந்து விளங்கலாம்.

பழக்கும் முறையின் அடிப்படை

நாய் எவ்வாறு கற்கிறது என்பது நெடுநாள் ஆராயப்பட்ட விஷயம். ரஷ்ய அறிஞர் பாவ்லவ், உணவுக்கு முன் தவறாமல் ஓர் ஒலியை எழுப்பி வந்தால், நாளடைவில் அவ்வொலியைக் கேட்டவுடனேயே நாய்க்கு உமிழ்நீர் சுரப்பதைக் காட்டினார். அமெரிக்க அறிஞர் தார்ண்டைக், எந்தச் செயலின் முடிவில் நன்மை கிடைக்கிறதோ அச்செயலை விலங்கு மீண்டும் செய்யும் என்பதை 1898-ஆம் ஆண்டிலேயே எழுதினார். பின்னர் வந்த ஸ்கின்னர் இதை விரிவாக ஆராய்ந்தார். அவரிடம் பயின்ற பிரெலண்ட் தம்பதியர் 1940-களில் இவ்வறிவைத் தொழிலாகவே நடத்திக் காட்டினர்.

இதன் சாரம் எளிது. நாயை உட்காரப் பழக்குவதாக வைத்துக்கொள்வோம். கையில் சிறு இறைச்சித் துண்டை வைத்துக்கொண்டு, அதை நாயின் மூக்கருகே காட்டி, மெல்லத் தலைக்கு மேலே பின்னோக்கிக் கொண்டு செல்ல வேண்டும். தலை உயர, பின்பகுதி தானே தரையில் அமரும். அமர்ந்த அந்த நொடியிலேயே ‘சபாஷ்’ என்று கூறித் துண்டைக் கொடுக்க வேண்டும். ஓரிரு நொடி தாமதித்து, நாய் எழுந்த பின் கொடுத்தால், எழுந்ததற்குப் பரிசு கிடைத்ததாகவே அது கொள்ளும். இந்த நேரக் கணக்கே பயிற்சியின் உயிர். இதற்காகவே பல பயிற்றாளர்கள் விரலால் அழுத்தினால் ‘டிக்’ என்று ஒலிக்கும் கிளிக்கர் என்ற சிறு கருவியை வைத்திருக்கின்றனர். ஒலி கேட்டால் பரிசு நிச்சயம் என்று நாய் அறிந்துகொள்வதால், சரியான செயலை அந்த நொடியிலேயே சுட்டிக்காட்ட முடிகிறது.

நாய் தவறாமல் அமரத் தொடங்கிய பின்னரே ‘உட்கார்’ என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளைக்கு மூன்று நான்கு தடவை என்ற அளவு போதும். முதலில் வீட்டிற்குள், பிறகு முற்றத்தில், பிறகு தெருவில், கடைசியாகச் சந்தைக் கூட்டத்தில் என்று இடத்தை மாற்றிப் பழக்க வேண்டும். வீட்டில் கற்ற பாடத்தைச் சந்தையில் நாய் மறப்பது கீழ்ப்படியாமையன்று. அந்த இடத்தில் அப்பாடம் இன்னும் கற்பிக்கப்படவில்லை என்பதே பொருள்.

மோப்ப நாயின் பயிற்சியும் இவ்வடிப்படையில் எழுந்ததே. நாய்க்கு மிகவும் பிடித்த பந்தோடு ஒரு குறிப்பிட்ட வாசனையை இணைத்துப் பழக்குகிறார்கள். வாசனையைக் கண்டுபிடித்தால் பந்து கிடைக்கும் என்று நாய் கற்றுக்கொள்கிறது. பிறகு பல பெட்டிகளில் ஒன்றில் மட்டும் அவ்வாசனையை ஒளித்து வைத்துத் தேடச் செய்கிறார்கள். கண்டவுடன் பிறாண்டாமல், குரைக்காமல், அமர்ந்து காட்ட வேண்டும் என்பது அடுத்த பாடம். வெடிமருந்தைத் தேடும் நாய் பிறாண்டினால் என்ன நேரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வெடிமருந்துக்குப் பழகிய நாய் தன் அறிவில் விளையாட்டுப் பந்தைத்தான் தேடுகிறது. மனிதருக்கோ அது உயிர் காக்கும் பணியாகிறது.

நாய்க்குட்டியின் வயதும் முக்கியம். அமெரிக்காவில் ஸ்காட், புல்லர் என்ற இருவர் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1965-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், ஏறக்குறைய மூன்றாவது வாரம் முதல் பன்னிரண்டாவது வாரம் வரையுள்ள காலமே குட்டி மனிதரோடு பழகுவதற்கு மிக ஏற்றது என்று காட்டினர். அக்காலத்தில் மனிதர், குழந்தைகள், மாடு, வண்டி, ஓசை ஆகியவற்றை அச்சமின்றிக் கண்டு வளர்ந்த குட்டி, பிற்காலத்தில் அஞ்சிக் கடிக்கும் நாயாவது குறைவு. அதே சமயம், எட்டு வாரத்துக்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து விற்பதை 2017-ஆம் ஆண்டு நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் தடை செய்கின்றன.

அடித்துப் பழக்குதல் ஆகுமா?

பழைய போலீஸ், ராணுவப் பயிற்சி முறைகளில் சங்கிலியைச் சுண்டுவதும் தண்டிப்பதும் பெரிதும் இடம்பெற்றிருந்தன. ஜெர்மானியரான கோன்ராட் மோஸ்ட் 1910-ஆம் ஆண்டில் எழுதிய நூல் இவ்வழிக்கு நெடுங்காலம் முன்மாதிரியாக இருந்தது. இன்று அறிவு வளர்ந்துள்ளது. போர்ச்சுகல் நாட்டில் 92 வீட்டு நாய்களைக் கொண்டு செய்த ஆராய்ச்சி 2020-இல் வெளியாயிற்று. தண்டனையை மிகுதியாகக் கையாண்ட பயிற்சிப் பள்ளிகளின் நாய்களிடம், பரிசு முறையில் பயின்ற நாய்களைவிட மனக்கலக்கத்தின் அறிகுறிகள் அதிகம் என்பதை அது காட்டியது.

கிராமத்தாருக்கு இதை வேறு விதமாகவும் கூறலாம். உறுமியதற்காக அடிபட்ட நாய், உறுமுவதைத்தான் விட்டுவிடும், அச்சத்தை விடுவதில்லை. அடுத்த முறை அது எச்சரிக்கை செய்யாமலே கடிக்கக்கூடும். அப்படிப்பட்ட நாய்க்கு முதலில் இரையாவது பெரும்பாலும் அவ்வீட்டுக் குழந்தையோ பக்கத்து வீட்டுக் குழந்தையோதான். ஆகவே அடிக்காமல் பழக்குவது நாயின்மீது காட்டும் இரக்கம் மட்டுமன்று. ஊரின் பாதுகாப்பும் ஆகும்.

தொழிலுக்குச் செல்லும் வழிகள்

இத்தொழிலுக்கு மூன்று வழிகள் உண்டு.

முதலாவது அரசாங்க சேவை. சென்னையில் போலீஸ் நாய்ப்படை 1951-ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது. நாட்டில் இத்தகைய படைகளுக்கு அது முன்னோடி. ராணுவத்தின் நாய்ப் பயிற்சிப் பள்ளி 1960-ஆம் ஆண்டில் மீரட்டில் ஏற்பட்டது. மத்தியப் பிரதேசத்தில் குவாலியருக்கு அருகிலுள்ள டேகன்பூரில், எல்லைப் பாதுகாப்புப் படையின் கீழ் 1970-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட தேசிய நாய்ப் பயிற்சி நிலையம் பல மாநிலப் போலீஸாருக்கும் பயிற்சி அளித்து வருகிறது. மத்திய ரிசர்வ் போலீஸ் படைக்குப் பெங்களூரை அடுத்த தரளு என்னுமிடத்தில் நாய் வளர்ப்பு, பயிற்சிப் பள்ளி இருக்கிறது.

இவ்விடங்களில் வெளியார் பணம் கட்டிப் படிப்பது வழக்கமன்று. முதலில் காவலராகவோ, படைவீரராகவோ, வனக் காவலராகவோ தேர்வாகிப் பணியில் சேர வேண்டும். தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே குறைந்தபட்சக் கல்வித் தகுதி. சேர்ந்த பின், விருப்பமும் தகுதியும் உள்ளவர்கள் நாய்ப்பிரிவுக்கு எடுக்கப்படுகிறார்கள். நாயும் கையாளுபவரும் சேர்ந்தே பயிற்சி பெறுகின்றனர். வேலையின் தன்மைக்கேற்ப இப்பயிற்சி பல மாதங்கள் நடக்கும். புலித்தோல், எலும்பு முதலியவற்றின் கடத்தலைக் கண்டுபிடிக்க 2008-ஆம் ஆண்டு முதல் வன இலாகாக்களுக்காகப் பழக்கப்படும் நாய்களுக்கு இரண்டு கையாளுநர் வீதம் நியமிக்கப்படுகின்றனர். நாயின் உணவு, குளியல், நடை, நோய் எல்லாம் அவர்கள் பொறுப்பே. பணியிலிருந்து ஓய்வு பெற்ற கையாளுநர் பலர் பின்னர் தனிப்பட்ட முறையில் இத்தொழிலை நடத்துகின்றனர்.

இரண்டாவது, தேர்ந்த பயிற்றாளர் ஒருவரிடம் உதவியாளராகச் சேர்ந்து கற்பது. தச்சு வேலையையும் கொல்லு வேலையையும் கற்பது போன்றதே இது. கூண்டைக் கழுவுதல், நடை அழைத்துச் செல்லுதல், உணவளித்தல் ஆகியவற்றில் தொடங்கி, படிப்படியாகப் பயிற்சிக்கு வர வேண்டும். இதில் அவசரம் உதவாது. கண் பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களைப் பழக்கும் வெளிநாட்டுப் பள்ளிகளில், ஒருவர் முழுத் தகுதி பெற்ற பயிற்றாளராவதற்குச் சுமார் மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அவ்வாறிருக்க, பத்து நாளில் பயிற்றாளராக்கிவிடுவதாகச் சொல்வோரை எவ்வளவு நம்பலாம் என்பதை வாசகர்களே தீர்மானிக்கலாம்.

மூன்றாவது, கல்வி வழி. பிளஸ் டூவில் உயிரியல் படித்தவர்கள் கால்நடை மருத்துவப் பட்டம் பெற முயலலாம். தமிழ்நாட்டில் 1989-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின்கீழ் அதற்கான கல்லூரிகள் உள்ளன. விலங்கியல், உளவியல் பட்டங்களும் அடிப்படை அறிவுக்கு உதவும். எனினும் பயிற்றாளராவதற்குப் பட்டம் கட்டாயமன்று. மூன்று வழிகளில் எதில் சென்றாலும், நாய்களுடன் கழித்த நேரத்துக்கு ஈடாக வேறொன்றுமில்லை.

சான்றிதழைப் பற்றி ஓர் எச்சரிக்கை

வைத்தியருக்கும் வக்கீலுக்கும் இருப்பது போல, நாய்ப் பயிற்றாளருக்கு அரசாங்கப் பதிவு என்ற கட்டாயம் நம் நாட்டில் இல்லை. யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்ளலாம். இது இளைஞருக்கு வசதியாகத் தோன்றினாலும், மோசக்காரருக்கு அதைவிட வசதியாக இருக்கிறது. பெரும் தொகை பெற்றுக்கொண்டு, நாயையே தொடவிடாமல், அழகிய சான்றிதழை மட்டும் தருவோர் உண்டு. நகையை அடகு வைத்து அத்தகைய காகிதத்தை வாங்குவது வீண்.

உண்மையான சான்று எப்படி இருக்கும்? ஓர் உதாரணம் கூறுவோம். அமெரிக்காவில் 2001-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட, தொழில்முறை நாய்ப் பயிற்றாளருக்குச் சான்றளிக்கும் குழு ஒன்று உண்டு. பிற நாட்டவரும் அதன் பரீட்சையை ஆங்கிலத்தில் எழுதுகின்றனர். ஆனால் பரீட்சைக்கு உட்காருவதற்கே, முந்திய மூன்று ஆண்டுகளில் குறைந்தது 300 மணி நேரம் பயிற்சி அளித்த அநுபவத்தைக் காட்ட வேண்டும். நாள்தோறும் ஒரு மணி நேரம் என்று வைத்தாலும் இது பத்து மாத உழைப்பு. பெற்ற சான்றும் நிரந்தரமன்று. மேலும் கற்றுப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். உழைப்பைக் கேட்காத சான்றிதழ் தொழிலுக்கு உதவாது என்பதே இதிலிருந்து நாம் அறிய வேண்டியது.

ஆகவே இளைஞர்கள் முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்வது நலம். தேதி, நாயின் வயது, இனம், கற்பித்த பாடம், ஆன நேரம், கண்ட முன்னேற்றம், வீட்டார் கூறிய குறை ஆகியவற்றை அதில் எழுதி வர வேண்டும். அந்த நோட்டே அவர்களுடைய முதற் சான்று. ஓர் இடத்தில் பணம் கட்டிச் சேருமுன், அங்கே பயிற்சி நடப்பதை ஒரு நாள் முழுவதும் நேரில் பார்க்க அநுமதி கேட்க வேண்டும். அநுமதிக்க மறுத்தால் அந்த இடத்தை விட்டுவிடுவதே நல்லது. பயிற்றாளரைக் கண்டதும் நாய்கள் வாலை ஒடுக்கிப் பதுங்கினால், அங்கே கற்கத் தக்கது ஒன்றுமில்லை.

தற்காப்பும் சட்டமும்

நாய்களோடு பழகுவோருக்கு வெறிநாய்க்கடி நோயைப் பற்றிய அறிவு இன்றியமையாதது. அந்நோயின் அறிகுறிகள் தோன்றிவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது. ஆனால் உரிய காலத்தில் தடுப்பூசி போட்டுக்கொண்டால் தடுத்துவிடலாம். பயிற்றாளர் கடிபடுமுன்பே வைத்தியரைக் கலந்து முன்தடுப்பு ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். கடியோ கீறலோ ஏற்பட்டால் உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, தாமதமின்றி அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி முதலியவற்றைப் பூசுவது தவறு. தடுப்பூசி போடப்படாத நாயைப் பயிற்சிக்கு ஏற்றுக்கொள்ளாதிருப்பதை விதியாகவே கொள்ள வேண்டும்.

1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவையும் பயிற்றாளர் அறிந்திருக்க வேண்டும். விலங்கை அடித்துத் துன்புறுத்துவது மட்டுமன்றி, மிகக் குட்டையான அல்லது மிகக் கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பதும், எப்போதும் கட்டியே வைக்கும் நாய்க்குத் தக்க நடைப்பயிற்சி அளிக்காமல் இருப்பதும் அதன்படி குற்றங்களே. விலங்குகளைச் சண்டைக்குத் தூண்டுவதும் அவ்வாறே.

பஞ்சாயத்து செய்யக்கூடியவை

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் இத்துறையில் பெருஞ்செலவின்றிப் பல உதவிகள் செய்யலாம். கால்நடை மருந்தகத்தாருடன் கலந்து நாய்களுக்குத் தடுப்பூசி முகாம் நடத்தும்போது, ஆர்வமுள்ள இளைஞர் சிலரை உதவிக்கு அழைக்கலாம். மிரளும் நாயை அமைதியாகப் பிடித்து நிறுத்துவதே ஒரு நல்ல முதற் பாடம். நாயிடம் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர, ஓய்வு பெற்ற போலீஸ் அல்லது ராணுவக் கையாளுநர் அருகில் இருந்தால் அழைக்கலாம். உண்ணும் நாயையும், உறங்கும் நாயையும், குட்டி போட்ட நாயையும் நெருங்கலாகாது. அந்நிய நாயைக் கண்டு ஓடலாகாது என்ற இரண்டு பாடங்களே பல கடிகளைத் தவிர்க்கும். தெருநாய்களின் கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் 2023-ஆம் ஆண்டு விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் உள்ளாட்சிகளுக்குப் பொறுப்பு அளித்துள்ளன. அப்பணியிலும் பழகிய கைகள் வேண்டும்.

சீருடைப் பணிகளுக்கான ஆள்சேர்ப்பு அறிவிப்புகளைப் பஞ்சாயத்து அலுவலகப் பலகையில் ஒட்டி, நாய்ப்பிரிவில் சேரும் வழியை இளைஞர்களுக்கு எடுத்துக் கூறுவதும் நல்ல தொண்டு. இரண்டொரு நாட்டு நாய்க் குட்டிகளை முறைப்படி பழக்கித் தோட்டக் காவலுக்கோ கிடைக் காவலுக்கோ கொடுப்பதில் தொடங்கி, அருகிலுள்ள பட்டணத்தில் வீடுதோறும் சென்று பயிற்சி தரும் அளவுக்கு வளரலாம். வருமானம் முதலாண்டில் சொற்பமாகவே இருக்கும். அதனால் நிலத்தையோ ஆடுமாடுகளையோ விட்டுவிடாமல், துணைத் தொழிலாகத் தொடங்குவதே உசிதம்.

கையில் கோலின்றி ஆட்டு மந்தையை நடத்தும் முதியவர்கள் நம் கிராமங்களில் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுடைய நாய்கள் ஒரு சீழ்க்கைக்கு ஓடி வருகின்றன. அந்த அறிவு அவர்களோடு மறைந்து போகாமல், புதிய கல்வியோடு சேர்ந்து அடுத்த தலைமுறையின் பிழைப்பாக மலர வேண்டும். அதற்கான முயற்சியில் ஒவ்வொரு பஞ்சாயத்தும் தன் ஊரில் ஓர் இளைஞரையேனும் ஊக்குவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.